கோட்டையைப் பார்க்குமுன் படிக்க வேண்டிய நூல்கள்
தொண்டூர்க் குகை எழுத்து என்ன சொல்கிறது?

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் புகழ் கிடைத்தது. மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக 'யுனெஸ்கோ' அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

இனிக் கூட்டம் வரும். குழந்தை குட்டிகளோடு மலை ஏறுவார்கள். படம் பிடிப்பார்கள். ஆனால், பார்த்தது என்ன என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

தெரிந்துகொண்டு பார்த்தால் கல்லும் பேசும். அதற்குச் சில நல்ல நூல்கள் இருக்கின்றன.

கோட்டையின் கதை

முதல் நூல், சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதிய செஞ்சி வரலாறு. 1943-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆங்கில நூல். 1677-ல் சிவாஜி கோட்டையைப் பிடித்ததும், பின்னர் மொகலாயர் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் கைப்பற்றியதும் இதில் வருகின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் படித்து வீட்டாருக்குச் சொல்லலாம்.

கோட்டைக்கும் மூத்த எழுத்து

செஞ்சி வட்டத்தில் உள்ள சிற்றூர் தொண்டூர். அங்கே பாறைக் குகையில் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகள் உண்டு. பக்கத்தில் பழந்தமிழ் எழுத்து உண்டு. அது சுமார் கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து.

அது மன்னன் புகழ் பாடவில்லை. ஒருவர் ஏவ, அகலூர் மோசி என்பவர் இந்த இருப்பிடத்தைச் செய்தார் என்கிறது. அகலூர் இன்றும் அதே வட்டாரத்தில் இருக்கிறது! ஒரு வேலைக்காரரின் பெயரும் ஊரும் பல நூற்றாண்டுகள் தாண்டி நின்றன. எழுத்தின் சக்தி அது.

இப்படிப்பட்ட எழுத்துகளைத் திரட்டி விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், 2018-ல் காலமானார். அவருடைய பெரிய ஆங்கில நூல் 2003-ல் வந்தது.

தமிழில் தொடங்க விரும்புவோர் மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய 'சமணமும் தமிழும்' நூலை எடுக்கலாம். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. ஆகவே இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

காதால் கேட்கலாம்

படிக்க நேரம் இல்லையா? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அறிஞர்கள் பேசிய பேச்சுகள் 'யூடியூப்'பில் கிடைக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து கேட்கலாம்.

ஏன் இது அவசரம்?

தமிழ்நாட்டில் பல குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்பட்டன. சில குகைகளில், பழைய எழுத்தின் மேலேயே வந்தவர்கள் தம் பெயரைக் கிறுக்கினார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. அங்கே இருப்பது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காவலாளி ஒருவர் எத்தனை பாறையைக் காப்பார்? ஊரார் அறிந்தால் ஊரே காவல். புகழ் பெற்ற கோட்டைக்குக் காவல் இருக்கிறது. தொண்டூர்ப் பாறைக்கு, படித்தவர்களே காவல்.