பழைய வால்வுக்குத் தீர்ப்பு

திருப்பூர் ராயபுரத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் பாட்டனார் காலத்து வால்வு ரேடியோ ஒன்று இருக்கிறதாம். பழுது பார்ப்பவர் தம்மிடமிருந்த பழைய டெஸ்டரில் வால்வுகளைச் செருகிப் பார்த்து, ஐந்தில் மூன்று செத்துவிட்டன என்று சொல்லிவிட்டாராம். எறிந்து விடலாமா என்று கேட்கிறார். சற்றுப் பொறுங்கள் என்பதே நமது விடை.

ராயபுரத்தவருக்கு இதை விளக்குவது சுலபம். பனியன் துணியை வட்டமாக வெட்டி நிறுத்து, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்கிறார்களே, அந்தத் தராசு தவறினால் பழி யார்மேல் விழும்? துணியின்மேல்தான். வால்வு விஷயமும் அப்படியே. வால்வுக்கு வயதாகிவிட்டது என்றால் அதைச் சோதிக்கும் யந்திரத்துக்கும் வயதாகிவிட்டது. உள்ளிருக்கும் கண்டென்ஸர்கள் கசிகின்றன. கார்பன் ரெஸிஸ்டர்களின் தடை ஏறிவிடுகிறது. வால்வு செருகும் துளைகளில் களிம்பு பிடிக்கிறது. கை நடுங்கும் வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, நோயாளிக்கு நடுக்கம் என்று சொன்னால் எப்படி?

ஆகையால் முதற் பரீட்சை டெஸ்டருக்கே. இழைக்கு 6.3 வோல்ட் என்று குறித்திருந்தால், வால்வு எரியும்போது அத்தனை வருகிறதா என்று நம்பகமான மீட்டரால் அளக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் குறைந்தால் இதுவும் குறையும். நல்ல வால்வும் சோனியாய்த் தோன்றும். வால்வின் ஊசிகளைத் துடைத்துச் சில நிமிஷம் சூடேற விட்ட பிறகே முள்ளைப் பார்ப்பது முறை.

டெஸ்டர்களில் எளிய இனம் ஒன்று உண்டு. கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் போதுமான அளவு வருகின்றனவா என்று மட்டும் பார்த்து, நல்லது, கெட்டது என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடும். இங்கிலாந்தின் 'ஆவோ' போன்ற உயர்ந்த இனமோ, கிரிட்டில் ஒரு வோல்ட் மாறினால் ஆனோடில் எத்தனை மில்லி ஆம்பியர் மாறுகிறது என்று அளந்து சொல்லும். ஈ.எல். 84 என்னும் வால்வுக்கு ஆனோடில் 250 வோல்ட்டும், கிரிட்டில் மைனஸ் 7.3 வோல்ட்டும் கொடுத்தால் 48 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும்; மாறுதல் வோல்ட்டுக்கு 11.3. இது புது வால்வின் கணக்கு. இதில் கால் பங்கு குறைந்த வால்வும் வீட்டு ரேடியோவில் நன்றாகவே பாடும்.

கண்ணாலேயே காணக்கூடிய மரணமும் உண்டு. கண்ணாடியின் உட்புறத்து வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அதற்கு டெஸ்டர் வேண்டியதில்லை.

1938 ஜூன் 16-இல் சென்னையில் அகில இந்திய ரேடியோ நிலையம் தொடங்கிய நாளில் நம் வீட்டு ரேடியோக்களுக்கு வால்வுகள் கப்பலேறி வந்தன. 1954-இல் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவப்பட்டு, 1961-இல் அங்கே ரேடியோ வால்வு செய்யத் தொடங்கினார்கள். நம் நாட்டுக் கைகள் செய்த அவை இன்று செய்யப்படுவதில்லை. அயல்நாட்டு ரகங்களிலும் பல அப்படியே. எறிந்தது திரும்பி வராது.

ராயபுரத்து நண்பர் அந்த மூன்றையும் பஞ்சில் சுற்றி, சரிபார்த்த வேறொரு டெஸ்டருக்குக் கொண்டு போகட்டும். ரேடியோவின் உள்ளே மட்டும் கை வைக்க வேண்டாம்; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வின் தூசியைத் தட்டும்போது எண் அச்சிட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். அது எளிதில் அழியும். அழிந்தால் என்ன வால்வு என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.