பூட்டிய வீட்டுக்கு யார் காவல்?



வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் வாசகர் ஒருவரின் மடல் என் முன் இருக்கிறது. அவரது ஊர் அறந்தாங்கிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர். பத்தாண்டு உழைப்பில் அங்கே ஒரு வீடு கட்டினார். தாயார் உயிரோடிருந்தவரை அந்த வீட்டில் மாலைதோறும் விளக்கெரிந்தது, செபமாலை ஒலித்தது. தாயார் இறைவனடி சேர்ந்தபின் மனைவி மக்களையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். வீடு பூட்டப்பட்டது. சென்ற கோடையில் யாரோ கொல்லைப்புறக் கதவை நெம்பி உள்ளே புகுந்துவிட்டனர். பித்தளைப் பாத்திரங்கள், எரிவாயு உருளை, கிணற்று மோட்டார், அதன் செம்புக் கம்பி, தாயாரின் வெள்ளிச் செபமாலை ஆகியவை களவு போயின.

“போன பொருள்களின் விலை பெரிதன்று. ஆனால் சாவியை வைத்திருந்த அண்டை வீட்டுக்காரரை நாங்கள் சந்தேகித்தோம். உறவினரிடமெல்லாம் தொலைபேசியில் அவ்வாறே சொன்னோம். மூன்று மாதம் கழித்து உண்மைத் திருடன் வேறோர் ஊரில் பிடிபட்டான். அண்டை வீட்டார் இப்போது எங்களோடு பேசுவதில்லை. இனி வீட்டை எவ்வாறு காப்பது? அவர்கள் முகத்தில் எவ்வாறு விழிப்பது?” என்று அவர் கேட்கிறார்.

கேள்விகள் இரண்டு. முதல் கேள்விக்குப் பலரும் விடை சொல்வார்கள். இரண்டாவதே கடினமானது. இரண்டையும் முறையாகப் பார்ப்போம்.

பூட்டிய வீடு நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதன்று. இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, அரிமளம், நச்சாந்துபட்டி ஆகிய ஊர்களின் தெருக்களில் நடந்து பாருங்கள். நகரத்தார் பெருமக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்று ஈட்டிய செல்வம் அங்கே தேக்குத் தூண்களாகவும் இரட்டைக் கதவுகளாகவும் நிற்கிறது. திரைகடலோடியவர்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பாதபோதும் அந்த வீடுகள் வெறுமையாய்க் கிடந்ததில்லை. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் தனி அறையும் தனிச் சாவியும் இருந்தன. வளவில் பெரியவர்கள் இருந்தனர்; பணியாளரும் சுற்றத்தாரும் வந்துபோயினர்.

பிறகு காலம் மாறியது. 1930-களின் பொருளாதார மந்தம் தொழிலைத் தளர்த்தியது. 1942இல் சப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினால் போதுமென்று ஓடிவந்தனர். 1962இல் அங்கே இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் தொழில்கள் நாட்டுடைமையாயின. வருவாய் நின்றது, பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலராயினர். எல்லாருக்கும் உரிய வீடு எவரும் பாராத வீடாயிற்று. பல வீடுகளை உரியவர்களே பிரித்து விற்றுவிட்டனர். நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாத கதவுகள் இருந்தென்ன? உள்ளே மனிதர் இருந்தவரையில்தான் அவை காவலாயிருந்தன.

இந்த மண்ணின் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றொரு சொல் வருகிறது. ஊரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவருக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கு கொடுத்தனர். பழைய காவல் முறையில் களவுபோன பொருளை மீட்க இயலாவிட்டால் காவல்காரரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. அந்த முறையில் கொடுமைகளும் இருந்தன. அது மறைந்ததற்கு வருந்த வேண்டியதில்லை. ஆயினும் காவல் என்பது கூலியும் பொறுப்பும் சேர்ந்த ஓர் உடன்பாடு என்பதை நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தனர். நாமோ, “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, அண்டை வீட்டார் கையில் சாவியைத் திணித்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம்.

மண்ணுலகில் செல்வம் சேர்ப்பதைப்பற்றி மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசும்போது, திருடர் சுவரைத் துளைத்துப் புகுவதைக் குறிப்பிடுகிறார். பாலஸ்தீன நாட்டு எளியவர் வீடுகள் மண்சுவர் வீடுகள். நம் நாட்டிலும் அப்படித்தான் இருந்தன. அதனால்தான் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ‘கன்னமிடுதல்’ என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தினர். இன்று மண்சுவர் போய்ச் செங்கற்சுவர் வந்துவிட்டது. கன்னக்கோலின் இடத்தைக் கடப்பாரை பிடித்துக்கொண்டது. பல வேளைகளில் அந்தக் கடப்பாரையும் நம்முடையதே! தோட்டத்தில் சாத்தி வைத்த கடப்பாரையும் ஏணியும் மண்வெட்டியும் திருடனுக்கு நாமே விட்டுச்சென்ற கருவிகள். ஆகவே முதல் வேலையாக அவற்றை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்து, வெறுமையாய் இருக்கும் வீடு தன்னைத் தானே காட்டிக்கொடுக்காமல் இருக்கவேண்டும். வாயிலில் தொங்கும் பெரிய பூட்டு, கூட்டாத முற்றம், குவிந்த சருகு, பகலிலும் எரியும் விளக்கு ஆகியவை “இங்கே யாருமில்லை” என்று ஊருக்கு அறிவிக்கும் தண்டோரா. முன்கதவுக்கு மரத்துக்குள் பதிந்த பூட்டே நல்லது. கள்வர் பெரும்பாலும் முன்வாயிலை நாடுவதில்லை. கொல்லைக் கதவு, மொட்டைமாடிக் கதவு, குளியலறைச் சாளரம் ஆகியவற்றை உட்புறம் இரும்புப் பட்டையிட்டு அடையுங்கள். சுவரை ஒட்டிய முருங்கைக் கிளையும் வேப்பங்கிளையும் மாடிக்கு ஏறும் படிகள், அவற்றை வெட்டிவிடுங்கள். சாவியைப் பூந்தொட்டியின் அடியிலோ நிலைக்கதவின் மேலோ வைக்கும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். நமக்குத் தெரிந்த மறைவிடம் கள்வனுக்கும் தெரியும்.

நகையும் பத்திரமும் பூட்டிய வீட்டில் ஒருநாளும் இருக்கலாகாது. வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்களும் விதியை அறிந்து வைக்கவேண்டும். ரிசர்வ் வங்கி 2021இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, திருட்டினாலோ தீயினாலோ வங்கி ஊழியரின் மோசடியினாலோ பெட்டகப் பொருள் இழப்புற்றால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரையே. மற்றொன்று, வெளிநாட்டில் வாழ்வோர் மறக்கக்கூடாதது: பெட்டகத்தை ஏழாண்டுகள் திறவாமல் விட்டு, உரியவரையும் கண்டுபிடிக்க இயலாமற்போனால், வாடகை ஒழுங்காகச் செலுத்தப்பட்டு வந்தாலும் வங்கி அதனைத் திறக்கலாம். ஆகவே ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை சென்று திறந்து பாருங்கள். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் புதுப்பியுங்கள். நியமனதாரரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் பத்திரத்தை முழுமையாகப் படியுங்கள். வீடு தொடர்ந்து முப்பது நாள்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால் களவுக்கு ஈடு கிடையாது என்னும் விதி பல பத்திரங்களில் உண்டு.

புறப்படுமுன் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவிப்பது நம் உரிமை, நம் கடமையுங்கூட. பூட்டிய வீடுகளைப் பற்றித் தெரிவிக்குமாறு காவல்துறையினரே அடிக்கடி கேட்டுக்கொள்கின்றனர். ரோந்து வரும் காவலர் எந்த வீட்டைக் கவனிக்கவேண்டும் என்பதை நாம் சொன்னாலன்றி அவர் எவ்வாறு அறிவார்? களவு நடந்துவிட்டாலும் ஊர் திரும்பும்வரை முறையீட்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2024 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, மின்னணு வழியாகவும் குற்றத் தகவல் தர இடமளிக்கிறது. தகவல் தந்தவர் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட்டால் அது பதிவு செய்யப்படும். குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்பதைக் காரணம் காட்டித் தகவலை ஏற்க மறுக்கவும் கூடாது.

கண்காணிப்புக் கேமரா உதவும். ஆனால் மின்சாரம் நின்றால் அதன் கண்ணும் மூடிக்கொள்ளும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்தின் சிற்றூர்கள் பல நாள் இருளில் கிடந்தன. கூரை பறந்ததா, மதில் விழுந்ததா என்று கடல்கடந்திருந்தோர் அறிய வழியில்லை. அன்று நேரில் சென்று பார்த்துச் சொல்ல ஒரு மனிதர்தாம் வேண்டியிருந்தது. மேலும், நாம் புறப்படும் நாளையும் விமான நிலையத்துப் படத்தையும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் இட்டு உலகுக்கு அறிவித்துவிட்டுக் கேமரா வைப்பதில் என்ன பயன்? படங்களை ஊர் திரும்பியபின் இடலாமே!

வயது முதிர்ந்த தாய் தந்தையரைத் தனியே விட்டுச் செல்வோருக்கு ஒரு வார்த்தை. அங்கே காக்கவேண்டிய முதற்பொருள் வீடன்று. நகைக்கு மெருகேற்றித் தருவதாகச் சொல்லி வருபவரையும், “உங்கள் மகனின் நண்பன்” என்று சொல்லித் தொலைபேசியில் பணம் கேட்பவரையும் பற்றி அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இணையவழிப் பணமோசடி நிகழ்ந்தால் உடனே அழைக்கவேண்டிய எண் 1930. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, திரு இருதயப் படத்தின் அருகே ஒட்டிவையுங்கள். நாள்தோறும் கண்ணில் படும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம்.

சாவியைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது, வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலொன்று எழுதுங்கள். மோட்டாரின் எண், பாத்திரங்களின் எண்ணிக்கை, நிழற்படம் எல்லாம் அதில் இருக்கட்டும். இருவர் முன்னிலையில் பட்டியலையும் சாவியையும் கொடுங்கள். மாதத்தில் எத்தனை முறை திறந்து பார்க்கவேண்டும், எதைக் கூட்டவேண்டும், ஏதேனும் நடந்தால் யாருக்குச் சொல்லவேண்டும் என்று எழுதுங்கள். அதற்குரிய தொகையைத் தயங்காமல் கொடுங்கள். “உறவுக்குள் எழுத்தும் கூலியுமா?” என்று சிலர் கேட்பர். உறவைக் காப்பதற்குத்தான் எழுத்து! பொருள் ஒன்று காணாமற்போகும் நாளில், சாவி வைத்திருந்த நல்லவருக்குச் சாட்சி சொல்ல அந்தத் தாள் ஒன்றே இருக்கும். எழுதாத இடத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது.

மடல் எழுதிய சகோதரருக்கு ஒன்று சொல்வேன். ஏழாம் கட்டளையை மீறியவன் உங்கள் கதவை நெம்பினான். எட்டாம் கட்டளையை மீறிய நீங்கள், குற்றமற்ற ஒரு குடும்பத்தின் நற்பெயரை நெம்பி எடுத்தீர்கள். அவன் எடுத்த மோட்டாரை விலைகொடுத்து வாங்கலாம். நீங்கள் எடுத்தது எந்தக் கடையில் கிடைக்கும்? உண்மைக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கும் ஈடுசெய்யும் கடமை உண்டு எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2487ஆம் எண்ணில் கற்பிக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெற்றாலும் அந்தக் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்ததும், உங்கள் வீட்டுப் பூட்டைத் திறப்பதற்குமுன் அண்டை வீட்டு வாயிலில் போய் நில்லுங்கள். மனைவியையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். “அண்ணே, நாங்கள் தவறு செய்துவிட்டோம்” என்று சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். அத்தோடு நில்லாமல், யார் யாரிடமெல்லாம் அவரைப்பற்றிப் பேசினீர்களோ அவர்கள் எல்லாரிடமும் பேசி, சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். பழி பரவிய வழியெல்லாம் உண்மையும் பரவவேண்டும். அவர் உடனே மன்னிக்காமல் இருக்கலாம். அது அவருடைய உரிமை. நீங்கள் மறுமுறையும் செல்லுங்கள்.

நம் பங்குகளில் இருப்போருக்கும் ஒரு விண்ணப்பம். அன்பியக் கூட்டத்தில் வெளிநாடு சென்றோரின் குடும்பங்களுக்காக வேண்டுகிறோம், நல்லது. அந்தக் கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறை பூட்டிய வீட்டு முற்றத்திலேயே, உரியவரின் இசைவோடு நடத்தினால் என்ன? முற்றம் கூட்டப்படும், விளக்கெரியும், செபமாலை ஒலிக்கும். ஆளரவம் உள்ள வீட்டைக் கள்வன் அஞ்சுவான். கடலுக்கப்பால் இருக்கும் குடும்பமும் ஊரார் தங்களை மறக்கவில்லை என்று அறிந்து ஆறுதல் கொள்ளும்.