காகிதத்தைத் திருத்து! திருத்தியதை எங்களுக்குக் காட்டு!



"நம்ம சிட்டாவுல இருக்கிற தப்பையே திருத்த வழியக் காணோம், கல்பாக்கத்துக் காகிதத்துல தப்பு இருந்தா நமக்கென்னய்யா?" என்று நம் சங்கத்து ஆட்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் போராட்டத்துக்கு வா என்று கூப்பிட நமக்கு மனசில்லை.

சிட்டாவில் இருந்தே தொடங்குவோம். 1979-ல் ஆரம்பித்து 1987 வரை யு.டி.ஆர். என்று ஒரு திட்டம் நடந்தது. பழைய நிலப் பதிவேடுகளைப் புதுசாக எழுதினார்கள். எழுதும்போது அண்ணன் நிலம் தம்பி பேருக்குப் போனது, 54 சென்ட் 45 சென்ட் ஆனது, உட்பிரிவு விட்டுப்போனது, பட்டா நிலம் புறம்போக்கு ஆனது. எழுதியவர் ரிட்டயர் ஆகிப் போய்ச் சேர்ந்தும் விட்டார். பேரன் இன்னும் ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு கொடுத்துக்கொண்டு நிற்கிறான். கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, மகள் கல்யாணத்துக்கு நிலத்தை அடமானம் வைப்பது எல்லாம் அந்த ஓர் எழுத்தில் தொங்குகிறது. ஆபீசில் கேட்டால் "கிளரிக்கல் மிஸ்டேக்" என்பார்கள். அவர்களுக்கு அது கிளரிக்கல். நமக்கு அது கால் காணி நிலம்.

அணு உலையும் இப்படி ஒரு காகிதத்தின் மேல்தான் ஓடுகிறது. கல்பாக்கத்தில் முதல் உலை 1984-லும் இரண்டாவது 1986-லும் வணிக முறையில் மின் உற்பத்தியைத் தொடங்கின. லைசென்ஸ் கொடுப்பது 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், தலைமையிடம் மும்பை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வருஷம், பிறகு புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸோடு ஒரு கட்டுப்பாட்டுப் புத்தகமும் உண்டு. எவ்வளவு சூட்டில், எவ்வளவு அழுத்தத்தில் உலை ஓடலாம், எந்த அளவைத் தாண்டினால் நிறுத்தியே ஆக வேண்டும், எந்த வால்வை எத்தனை நாளைக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ராத்திரி ஷிப்டில் இருப்பவர் தன் புத்தியை நம்பி ஓட்டுவதில்லை, அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். அதில் ஒரு புள்ளி இடம் மாறி அச்சானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரும்பாலான பிழை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுவோம். கம்பெனி பேர் மாறியிருக்கும், பக்க எண் தப்பாக இருக்கும், எப்போதோ கழற்றிப்போட்ட கருவியின் பேர் காகிதத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். பீதி கிளப்புவது நம் வேலையல்ல. ஆனால் எது வெறும் எழுத்துப்பிழை, எது உயிருக்கு உலை வைக்கும் பிழை என்று பிரித்துச் சொல்பவர் யார், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்பது நம் வேலை.

அமெரிக்காவில் 1981-ல் நடந்ததைக் கேளுங்கள். கலிபோர்னியா மாநிலத்தில் டயப்லோ கேன்யன் என்ற இடத்தில் இரண்டு உலைகள் கட்டினார்கள். ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி இருக்கும். பூகம்பம் வந்தால் குழாய்கள் தாங்குமா என்று கணக்குப் போட்டவர்கள் ஓர் உலையின் படத்தை இன்னொன்றுக்கு வைத்துப் போட்டுவிட்டார்கள். நம்ம சர்வேயர் புலப்படத்தைத் திருப்பிப் பிடித்து வடக்கு வரப்பைத் தெற்கு வரப்பு என்று கல் நட்டால் எப்படி, அப்படி. செப்டம்பரில் லைசென்ஸ் கொடுத்தார்கள், சில நாளிலேயே தப்பு தெரிந்தது, நவம்பரில் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். உலை மின்சாரம் விற்க 1985 ஆனது. படம் மாறியதை ஒரு சின்னப் பிழை என்று மடித்து வைத்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அந்த ஊரில் லைசென்ஸில் ஒரு பேரை மாற்றுவதானாலும் உலைக்காரர் உறுதிமொழியோடு மனுப் போட வேண்டும். இந்தத் திருத்தத்தால் விபத்து நடக்கும் வாய்ப்போ அதன் விளைவோ கூடுமா, இதுவரை எண்ணிப் பார்க்காத புது விதமான விபத்துக்கு வழி பிறக்குமா, பாதுகாப்பு இடைவெளி குறையுமா என்று மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். அரசிதழில் போடுவார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள், விசாரணை கேட்க 60 நாள். அரசாங்கத்து டைப்பிஸ்ட் செய்த பிழை என்றால் மட்டும் ஒரு கடிதத்தில் திருத்தலாம். அதற்கும் மூல மனுவில் சரியாக இருந்து தட்டச்சில்தான் மாறியது என்று காட்ட வேண்டும். அமெரிக்காக்காரன் உத்தமன் என்று நாம் சொல்லவில்லை. 1979-ல் திரீ மைல் ஐலண்டில் உலை உருகியதும் அதே நாட்டில்தான். ஆனால் திருத்தம் ஊரறிய நடக்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் அவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம்மிடம் எப்படி? 2012-ல் கூடங்குளத்துக்கு நம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியில், கடலில் விடும் தண்ணீரின் சூடு 45 டிகிரி வரை போகலாம் என்று இருந்தது. கடல் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடு கூடக் கூடாது என்பது விதி. வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போதுதான் வாரியம் அந்த எண்ணைக் குறைத்துத் திருத்தியது. கோர்ட்டுக்குப் போனவர்கள் போகாமல் இருந்திருந்தால்? அதே வருஷம் ஏப்ரலில் கூடங்குளத்துப் பாதுகாப்பு அறிக்கைகளை மக்களுக்குக் கொடு என்று மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அந்த உத்தரவை வாங்கவே சுப. உதயகுமார் மனுவுக்கு மேல் மனுப் போட வேண்டியிருந்தது. 2019 அக்டோபர் 29-ல் கூடங்குளம் நிலையம், கம்ப்யூட்டரில் எவனும் நுழையவில்லை, எல்லாம் பொய்ச் செய்தி என்றது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகக் கம்ப்யூட்டர் ஒன்றில் கிருமி நிரல் இருந்தது உண்மைதான், உலையை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு அதோடு தொடர்பில்லை என்றது. ஒரே நாளில் திருத்தம் வந்தது, சந்தோஷம். எல்லாத் திருத்தத்தையும் அப்படிச் சொல்லுங்கள் என்கிறோம்.

இனி நம்ம ஊர்க் கதை. கல்பாக்கம் உலை ஓடத் தொடங்கியபோது அது செங்கல்பட்டு மாவட்டம், ஆனால் தலைநகரம் காஞ்சிபுரம். 1997-ல் மாவட்டம் பிரிந்தது, கல்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டமானது. 2019 நவம்பரில் மறுபடி பிரிந்து இப்போது செங்கல்பட்டு மாவட்டம். விபத்து நடந்தால் வேலிக்கு வெளியே மக்களைக் காப்பாற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. 16 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்கு அவசரகாலத் திட்டம் இருக்கிறது. எந்தத் தாசில்தாருக்குப் போன் போட வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்க வேண்டும், எந்த ரோட்டில் பஸ் விட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். மாவட்டம் மாறிய பிறகு அந்தத் தாள்களில் பேரும் பதவியும் போன் நம்பரும் எல்லா இடத்திலும் மாறினவா? மாறியிருக்கும் என்றே நம்புகிறோம். நம்பிக்கையை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது, தாளைக் காட்டுங்கள்.

சின்ன காஞ்சிபுரம் அந்த 16 கிலோமீட்டருக்குள் இல்லையே என்பீர்கள். பறவை பறக்கிற கணக்கில் நாம் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். ஆனால் நம்மைத் தாண்டிப் போகும் பாலாறு கல்பாக்கத்துப் பக்கம்தான் கடலில் சேர்கிறது. அணுமின் நிலைய வளாகத்துக்கு நல்ல தண்ணீர் அந்தப் பாலாற்று மணலில் இருந்துதான் எடுக்கிறார்கள். நம் கிணற்றில் மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்று எண்ணுகிறவர்கள், அங்கே எவ்வளவு எடுக்க அனுமதி, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதையும் எழுதி ஒட்டட்டும்.

தூரத்தைப் பற்றி இன்னொன்று. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா உலை வெடித்தபோது, தீவனத்தை வெளியில் வைக்காதே என்று மாடு வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் அறிவுரை அனுப்பியது. வயலில் வைக்கோல் போட்டு வைத்திருந்த நெல் விவசாயிக்கு அது போய்ச் சேரவில்லை. அவன் வைக்கோலை விற்றான், மாடு தின்றது, ஜூலையில் இறைச்சியில் கதிர்வீச்சு என்று நாடே அலறியது. விலாசத்தில் ஒரு வரி விட்டுப்போனதற்கு விலை அது. நம் வைக்கோல் எந்தெந்த ஊருக்கு லாரி ஏறுகிறது, நம் பால் எந்தச் சொசைட்டிக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். திட்டம் எழுதுகிறவருக்குத் தெரியுமா?

தனியாரும் அணு உலை நடத்த வழிவிடும் சட்டம் 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கை மாறினால் காகிதமும் மாறும். இப்போது கேட்காவிட்டால் அப்புறம் "கம்பெனி ரகசியம்" என்பார்கள்.

நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. லைசென்ஸில் என்ன திருத்தம் நடந்தாலும், எழுத்துப்பிழையானாலும், பழைய வரி இது, புது வரி இது, காரணம் இது என்று தமிழில் போடு. அவசரகாலத் திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் ஊராட்சி ஆபீசில் வை. பாலாற்றுத் தண்ணீர்க் கணக்கைக் காட்டு. அப்படியே, அரசாங்கம் எழுதிய தப்பை அரசாங்கமே தேடித் திருத்தட்டும், யு.டி.ஆர். பிழைக்கு விவசாயி ஏன் அலைய வேண்டும்?

அடுத்த விவசாயிகள் குறைதீர் நாளுக்கு வரும்போது பட்டா நகலும், ஆளுக்கு இரண்டு தகவல் உரிமை மனுவும் கையோடு கொண்டு வாருங்கள். ஆட்சியருக்குப் போடும் மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டுங்கள். மும்பை வாரியத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். நகலை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், 30 நாள் கழித்து மேல்முறையீட்டுக்கு அதுதான் வேண்டும்.