படம் பொய் சொல்லாதாம்!

நூறு வருஷத்துக்கு முந்தைய மதராஸ் என்று வாட்ஸ்அப்பில் ஊமைப்பட வீடியோ வந்தால் போதும், நம் ஆட்கள் உருகிவிடுகிறார்கள். "கூட்டமே இல்லை, எவ்வளவு நிம்மதியா வாழ்ந்திருக்காங்க! படம் பொய் சொல்லுமா?"

சொல்லும். பெயரிலேயே சொல்லும். இந்தியாவில் எடுத்து இன்றைக்கும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய படங்களில் ஒன்று, 1899இல் கல்கத்தா காட்சி என்ற பெயரில் லண்டனில் விற்கப்பட்டது. அதில் ஓடுவது காசிப் படித்துறை! கங்கை தெரிந்தால் போதும், எந்த ஊரானால் என்ன என்று விற்றவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

வேகமும் பொய்தான். கைப்பிடியைச் சுற்றி நொடிக்குப் பதினாறு, பதினெட்டு பிரேம் என்று எடுத்ததைப் பிற்காலத்தில் இருபத்துநான்கில் ஓட்டினார்கள். நம் தாத்தாக்கள் ஓட்டமும் நடையுமாகத் திரிந்தது அதனால்தான். இப்போது அந்தக் குறையைத் தீர்க்கிறேன் என்று கணினி, இல்லாத பிரேம்களைத் தானே வரைந்து நடுவில் செருகுகிறது. போதாததற்கு வண்ணமும் பூசுகிறது. எந்த வண்ணம்? அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. செக்கச் சிவந்த கூறைப்புடவை கறுப்பாக விழும், நெற்றிக் குங்குமமும் அப்படியே. நீலம் வெளுத்துப்போகும். அந்தக் கறுப்பைப் பார்த்துக் கணினி குத்துமதிப்பாக மண்நிறம் அடித்துவிட, "அந்தக் காலத்துல எளிமையா உடுத்தினாங்க" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

எடுத்தவர்கள் எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. 1925இல் கொரியாவில் படமெடுத்த ஜெர்மன் துறவி நோர்பெர்ட் வெபர் அந்த நாட்டை நேசித்தவர். 1910 முதல் ஜப்பான் ஆட்சியில் இருந்த கொரியாவின் பழைய வழக்கங்கள் அழிந்துவிடுமே என்ற கவலையோடு போனார். அழியப்போவதைத் தேடிப் போனவர் கண்ணில் அழியப்போவதுதானே அதிகம் படும்? ஆசையும் ஒரு லென்ஸ்தான்.

நம் பக்கத்துக் கதையும் அதுவே. 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. ஆனால் ரயில் நின்ற ஊரிலெல்லாம் கேமரா இறங்கிவிடவில்லை. துறைமுகம், கோபுரம், பாம்பாட்டி, யானை: வெளிநாட்டுக் கொட்டகையில் காசு கொடுத்தவன் கேட்டது இவ்வளவுதான். 1921இல் பெரம்பூர் பின்னி மில் வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு அந்த வரிசையில் ஏது இடம்?

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்? திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூரை இணையத்தில் தேடினால் வாசீஸ்வரர் கோயிலும் தங்காதலி அம்மனும் வருகிறார்கள், மேலே டிரோன் பறக்கிறது. அதே வட்டாரத்தில் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வேனுக்கு நிற்பவர்களை யார் எடுத்தார்கள்? நூறு வருஷம் கழித்து ஒரு பேரன் இதைப் பார்த்துவிட்டு, "திருப்பாச்சூர்க்காரங்க வேலைவெட்டியே இல்லாம நிம்மதியா சாமி கும்பிட்டாங்க" என்று எழுதுவான். சண்டைக்குப் போக நம்மில் யார் இருப்பார்கள்?