மாயக் கதவும் மூட்டை தூக்கியவரும்



கோடை விடுமுறைக்கு மர்பி டவுனிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு கிரகத்தில் இரும்புத் தாது தோண்டுகிறார்கள். அது தானாக ஓடும் பெல்ட்டில் ஏறி, நீல நிறத்தில் சுழலும் ஒரு கதவுக்குள் போய் மறைகிறது. மறுகணமே வேறோர் உலகத்துக் கதவு வழியாக வந்து தொழிற்சாலையில் விழுகிறது. கப்பல் கிடையாது, ரயில் கிடையாது.

"சரக்கை யாருப்பா ஏத்தி இறக்குறது?" என்று கேட்டேன்.

"யாரும் வேண்டாம் தாத்தா. எல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றான்.

வேகன்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவனுக்கு அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால், அப்படிப்பட்ட ஒரு கதவுக்குப் பக்கத்திலேயே நான் வேலை பார்த்திருக்கிறேன்.

சென்னைப் பக்கமிருந்து கண்டோன்மென்ட்டுக்கு 1864-ல் வந்த ரயில் பாதை பிராட்கேஜ். தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இங்கிருந்து மைசூர், ஹூப்ளி பக்கம் போனது மீட்டர்கேஜ். அதில் இடைவெளி 1,000 மில்லிமீட்டர்தான். ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓடாது. எனவே இரண்டு பாதையும் சந்திக்கும் இடங்களில் டிரான்ஷிப்மென்ட் ஷெட் இருக்கும். மேடையின் இந்தப் பக்கம் பிராட்கேஜ் வேகன், அந்தப் பக்கம் மீட்டர்கேஜ் வேகன். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி. சரக்கு நூற்றுக்கணக்கான மைல் ஓடி வந்தும், இந்தப் பன்னிரண்டு அடியைத் தாண்டுவதற்குள் நாள் கணக்கில் காத்துக் கிடந்ததுண்டு. எங்கள் மாயக் கதவு மனிதனின் முதுகுதான்.

அந்த முதுகுகளில் பல நம்மவருடையவை. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நான் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு யார்டில், குடியாத்தம் பக்கத்துக்காரர் ஒருவர் மூட்டையோடு பலகையில் ஏறும்போது பலகை சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. கான்ட்ராக்டரின் நோட்டில் 'ஆள் 12' என்ற எண்ணிக்கையில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். ரிப்போர்ட் எழுதியவன் நான். பலகை உடைந்ததை எழுதினேன், ஒரு மூட்டை கிழிந்ததை எழுதினேன். அவரைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. நானும் தனியாக ஒரு வரி எழுதவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

நிற்க. மூட்டை தூக்கும் காலமே பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. இயந்திரம் வந்தது நல்லதே. 'திறந்திடு சீசேம்' என்று குகைக் கதவு திறக்கும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படம் வந்தது 1956-ல். அதே வருடம் ஏப்ரல் 26-ஆம் தேதி, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 இரும்புப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கையால் ஏற்றினால் டன்னுக்குச் சுமார் 5 டாலர் 80 சென்ட். பெட்டியாக ஏற்றினால் சுமார் 16 சென்ட். அந்தக் கன்டெய்னர் 1981-ல் நம் பெங்களூருக்கு ரயிலேறி வந்தது. நாட்டின் முதல் உள்நாட்டு கன்டெய்னர் டெப்போ இங்கேதான் அமைந்தது. 1992-ல் ஒரே பாதைத் திட்டம் தொடங்க, மீட்டர்கேஜும் மெல்ல மறைந்தது. முதுகுகள் தப்பின. ஆனால் பிழைப்பு இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கணக்கெடுக்க முடியாது என்பதில்லை. மகாராஷ்டிரம் 1969-லேயே சுமை தூக்குவோருக்கென்று தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டிலும் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2025 மே மாதம் திறந்து வைக்கப்பட்ட விழிஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் கிரேன்களைத் தூரத்து அறையில் திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்தியிருக்கிறார்கள். மீனவக் குடும்பத்துப் பெண்களும் அதில் உண்டு. இயந்திரத்தையும் கொண்டுவந்து, ஆளையும் கைவிடாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இனி நம் தெருவுக்கு வருவோம். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து நிமிடத்தில் வாசலில் தக்காளி வந்து நிற்கிறது. பேரனுக்கு இதுவும் மாயக் கதவுதான். ஆனால் மழையில் நனைந்து ஸ்கூட்டரில் வருகிற பையன் நம் மர்பி டவுன் பையன். அவனுக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு. அவனிடமும் 'ஆள் 12' கதைதான்.

கர்நாடக அரசு 2025-ல் இத்தகைய கிக் தொழிலாளர்களுக்கு நலச் சட்டம் கொண்டு வந்தது. பதிவு செய்தவருக்குத் தனி எண் உண்டு. அவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணமாகக் கம்பெனி தனியே செலுத்த வேண்டும். கம்ப்யூட்டர் எந்த அடிப்படையில் வேலையைப் பங்கிடுகிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று நம் பையன்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பிள்ளைகளை அழைத்து, பதிவு விவரங்களைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். படிவம் நிரப்ப நான் வருகிறேன். அன்று எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு ஈடாக இதையாவது செய்ய ஆசை.

பேரன் விளையாடட்டும், அதில் அறிவும் வளர்கிறது. ஆனால் வீட்டு வாசலில் சரக்கு வந்து இறங்கும்போது, கொண்டு வந்தவர் பெயரைக் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.