நீரில் விளையும் நெல்

நமக்கு நெல் என்றால் உழுது, நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, மாதக் கணக்கில் காத்திருந்து பெறும் பண்டம். உழவும் நடவுமின்றி ஏரியில் தானே முளைத்துத் தானே கதிர் விடும் தானியமொன்றைப் பல தலைமுறைகளாகப் போற்றி வரும் ஜனங்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில் மின்னஸோட்டா, விஸ்கான்ஸின் பிரதேசங்களிலும், அவற்றை அடுத்த கானடாவிலும் வாழும் ஒஜிப்வே மக்களே அவர்கள். தானியத்தின் பெயர் மனோமின். தாவர சாஸ்திரப்படி அது நம் நெல்லுக்குத் தூரத்து உறவு. முனிவர்கள் உண்டதாக வடமொழி நூல்கள் கூறும் நீவாரம் நேயர்களுக்கு நினைவு வரலாம். ஆனால் நீவாரம் துறவிகளின் உணவு. மனோமினோ குழந்தை குட்டிகளோடு வாழ்பவர்களின் உணவு.

நீரின் மேல் உணவு விளையும் இடம் வரும் வரையில் மேற்கே செல்லும்படி முன்னோருக்கு வாக்கு உண்டானதென்றும், அதனாலேயே கீழ்க் கடற்கரையை விட்டு இந்த ஏரிகளை அடைந்ததாகவும் அவர்கள் கூறுவார்கள்.

ஆகஸ்டுக் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. அறுவடை என்றேனே தவிர, அரிவாளுக்கு அங்கே வேலை இல்லை. சிறு படகொன்றில் இருவர் செல்வர். ஒருவர் நின்று நீண்ட கழியால் படகைத் தள்ள, மற்றவர் உட்கார்ந்து, தேவதாரு இனத்து லேசான கோல்கள் இரண்டில் ஒன்றால் தாள்களைப் படகின் மேல் வளைத்து, மற்றொன்றால் கதிரைத் தடவிவிடுவார். முற்றிய மணி உதிரும், முற்றாதது நிற்கும். சில நாள் கழித்து மீண்டும் வரலாம். நீரில் சிந்துவது அடுத்த ஆண்டின் விதை. ஓங்கி அடித்தால் தாள் ஒடியும். பிறகு அந்த ஏரியில் எதை எதிர்பார்ப்பது? கோல் 30 அங்குலத்துக்கும் ஒரு ராத்தலுக்கும் மிகலாகாதென்று மின்னஸோட்டா சட்டம் விதிக்கிறது. பாட்டி தன் கைப்பக்குவத்தால் காட்டியதைச் சட்டம் அங்குலக் கணக்கில் சொல்கிறது; அவ்வளவுதான்.

கரைக்கு வந்த பின்னும் வேலை ஓயாது. தானியத்தை வெயிலில் உலர்த்தி, இரும்புக் கொப்பரையில் தீயாமல் வறுக்க வேண்டும். பிறகு மரப் பலகை பதித்த சிறு குழியில் கொட்டி, புதிய மான்தோல் பாதரட்சை அணிந்து மிதிப்பார்கள். கனத்த ஆள் மிதித்தால் மணி நொறுங்கும் என்பதால் இது பெரும்பாலும் சிறுவர்களின் பங்கு. பின்பு பூர்ஜ மரப்பட்டையாலான தட்டில் பெண்கள் புடைப்பார்கள். நம் வீட்டு முறத்துக்கு அது சகோதரி என்று தயங்காமல் சொல்லலாம்.

இப்படி ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை இருந்ததால், கற்பிக்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் கல்வி நடந்து வந்தது. அதைக் குலைத்தவற்றுள் பாடசாலையும் ஒன்று என்பதை எழுத, ஆசிரியனான எனக்குக் கை கூசுகிறது. 1879-ல் பென்ஸில்வேனியாவில் கார்லைல் பள்ளி திறக்கப்பட்டது முதல், அந்நாட்டுப் பூர்வ குடிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தூரதேசத்து விடுதிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசுவது அங்கே குற்றம். கோல் பிடிக்கும் வயதில் ஏரியைக் காணாத பிள்ளை, தானே தகப்பனான பிறகு எதைச் சொல்லிக் கொடுப்பான்?

ஏரிகளுக்கும் நிம்மதி இல்லை. ஓரிரு அடி நீரில் செழிக்கும் இப்பயிர், நீர்மட்டம் திடீரென ஏறினால் வேரோடு மிதந்துவிடும். 1923-ல் விஸ்கான்ஸினில் கட்டிய அணையொன்று லாக் கோர்ட் ஓரே பிரிவினரின் நெற்பரப்பையும் ஒரு கிராமத்தையுமே விழுங்கிற்று. 1837-ம் வருஷ உடன்படிக்கையில் நிலத்தை விட்டுக் கொடுத்தபோது, வேட்டை, மீன், காட்டு நெல் இவற்றின் உரிமையை அம்மக்கள் வைத்துக்கொண்டார்கள். அந்த வார்த்தை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 வந்தது! அதிலும் ஒன்பது நீதிபதிகளில் ஐவரே சம்மதித்தார்கள்.

கடைகளில் இதே பெயரில் கிடைக்கும் கறுத்த, பளபளக்கும் அரிசியில் பெரும்பகுதி வயலில் விதைத்து யந்திரத்தால் அறுத்தது. வேக வெகுநேரம் பிடிக்கும். ஏரியில் எடுத்துக் கையால் வறுத்தது நிறத்தில் வெளிறியிருக்கும், விரைவில் வெந்துவிடும்.

2018-ல் வொயிட் எர்த் பிரிவினர், மனோமினுக்கே வாழும் உரிமை உண்டென்று தங்கள் சட்டத்தில் எழுதினார்கள். இப்போது அம்மக்களின் பள்ளிகள் சிலவற்றில், கோல் சீவுவதும் வறுப்பதும் மிதிப்பதும் பாடமாகவே நடக்கின்றன. பருவம் வந்ததும் ஆசிரியர்களே பிள்ளைகளை ஏரிக்கு அழைத்துச் செல்கிறார்கள்.