பற்றறி வண்டி வருமுன் படலைக்கு வெளியே பாருங்கள்

"அப்பாவுக்கு பற்றறியில ஓடுற வண்டி ஒண்டு அனுப்பட்டோ அம்மா?" என்று கனடாவிலிருந்து மகன் கேட்கிறார். "ஓம் தம்பி, அனுப்பு" என்கிறார் தாய். ஒரு காலை இழந்து விறாந்தையில் அமர்ந்திருக்கும் தகப்பனிடம் ஒருவரும் கேட்பதில்லை.

இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழும் எமது விவசாயக் குடும்பங்களில் இத்தகைய பேச்சை நாம் பல தடவை கேட்டுவிட்டோம். பிள்ளைகளின் அன்பைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய உதவி ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. அது பயன்படாமற் போனால் இன்னொன்று கேட்க வாய் வராது. ஆகவே "ஓம்" என்பதற்கு முன்னர் சிலவற்றை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது எமது கருத்து.

மொபிலிற்றி ஸ்கூட்டர் எனப்படும் இந்த வண்டியை 1968 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அலன் தீம் என்பவர், நோயினால் நடை தளர்ந்த தமது குடும்பத்தவர் ஒருவருக்காகச் செய்தார். ஓர் இருக்கை, முன்னே ஒரு கைபிடி, மூன்று அல்லது நான்கு சிறிய சில்லுகள். கைபிடியிலுள்ள நெம்பை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பெரிய கடைகளின் தளத்துக்கும் சீமெந்து நடைபாதைக்கும் ஏற்றவாறு பிறந்த வண்டி இது. அங்கே அது மிக நல்ல வண்டி.

எமது நிலம் வேறு. கிளிநொச்சிக் களிமண் மாரியில் சில்லைப் பிடித்துக்கொள்ளும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் போகிறோம். வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கையில் நாலு மழைக்குப் பின் வண்டிற் தடம் ஒரு சாண் ஆழத்துக்குக் கிடக்கும். சிறிய வகை வண்டிகளின் அடிப்பாகத்துக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டு மூன்று அங்குலமே உண்டு. பெரிய வகையோ நூறு கிலோவையும் தாண்டும். புதைந்தால் ஆர் தூக்குவது? நாம் அறிந்த ஒரு வீட்டில் அவ்வாறான வண்டி வந்திறங்கிய அன்று மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள். இரண்டாவது மாரியில் அதன் இருக்கையில் கோழி அடைகிடந்தது. வீட்டுக்காரர் பழைய ஊன்றுகோலுடனேயே கிணற்றடிக்குப் போய்வந்தார்.

பற்றறியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ற்று ஈயப் பற்றறிகள் இரண்டு இருக்கும். இரவு முழுவதும் சார்ஜ் பண்ண வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எமது வெக்கையில் இப்பற்றறிகள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தளர்ந்துவிடுவதே வழக்கம். வான், லொறியின் பற்றறி அதற்கு ஈடாகாது. அது என்ஜினைத் தொடக்கிவிடுவதற்கானது; மெல்ல மெல்ல முழுவதும் இறக்கி ஏற்றினால் விரைவில் செத்துவிடும். இன்னொன்று: கனடா, அமெரிக்கா நாடுகளின் மின்சாரம் 120 வோல்ற்று, எமது 230. சார்ஜர் இரண்டுக்கும் பொருந்துமா என்று அதன் அடியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் சொருகினால் முதல் நாளிலேயே புகைதான் வரும். மகனிடம் இதை வாங்குமுன்பே பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது உடம்பு. இந்த வண்டியில் ஏறி இறங்க நாலு அடியாவது வைக்க இயல வேண்டும், முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும், இரண்டு கையும் வசப்பட வேண்டும். பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்கு அது ஆபத்து. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு அதைவிட ஆபத்து, ஏனெனில் சாதாரண இருக்கையில் உணர்வில்லாமல் நீண்ட நேரம் இருந்தால் படுக்கைப்புண் வரும். அவர்களுக்குத் தகுந்த மெத்தையுடன் உடம்புக்கு அளவான சக்கர நாற்காலியும், அரைமணிக்கு ஒரு தடவையாவது கையூன்றி உடம்பைத் தூக்கும் பழக்கமுமே உயிர் காப்பவை. போரின் இறுதிக் காலத்தில், 2008 இலும் 2009 இலும், இக்காயம் பட்டவர்கள் வன்னியில் ஒருவர் இருவரல்லர் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறோம்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த விவசாயிக்கு எம்மைக் கேட்டால், முதலில் செயற்கைக் காலைப் பற்றியே பேசுவோம். ஜெய்ப்பூர் கால் சப்பாத்தின்றி நடக்கவும் குந்தியிருக்கவும் சேற்றில் இறங்கவும் என்றே அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1987 இல் தொடங்கி, போர்க்காலம் முழுவதும் இந்த வேலையைச் செய்தது. இறப்பர் தேயும், மாற்ற வேண்டிவரும், உண்மைதான். ஆனால் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாற அது உதவும். தூரம் போக வேண்டுமானால் கையால் சுற்றும் மூன்று சில்லு வண்டி உண்டு. அதன் பெரிய சில்லுகள் கிறவலில் போகும். சைக்கிள் கடைக்காரரே திருத்துவார். பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டியும் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

அப்படியென்றால் பற்றறி வண்டி ஒருவருக்கும் வேண்டாமா? வேண்டும். காப்பெற் வீதியோரம் வீடு, கிட்டவே கடை, மூட்டு வருத்தத்தாலோ இளைப்பாலோ நடக்க ஏலாத ஆள் என்றால் அது பெரிய விடுதலை. நாலு சில்லு வண்டியாக எடுப்பது நல்லது. மூன்று சில்லு இலகுவாகத் திரும்பும், அதேயளவு இலகுவாகப் பிரளும். பிரித்தானியாவில் இவ்வண்டிக்கு நடைபாதையில் மணிக்கு 4 மைல், வீதியில் 8 மைல் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். ஏ9 வீதியில் பஸ்சுக்கு முன்னால் 8 மைலில் போவதை எண்ணிப் பாருங்கள். விளக்கும் கொடியும் இல்லாமல் பிரதான வீதிக்கு இறக்க வேண்டாம்.

இன்னொரு பேச்சும் எமக்குள் நடக்கிறது. வண்டியின் விலையை மகன் காசாக அனுப்பினால், கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் சீமெந்துப் பாதை போடலாம். வாசற்படி ஓர் அடி உயரமானால் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். மேசனிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றடியில் செங்குத்தாக முடித்துவிடுவார். பொதுக் கட்டடங்களுக்கு அணுகு வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இந்நாட்டில் 2006 முதல் உள்ளன. ஆயினும் நாம் கூட்டம் வைக்கும் மண்டபங்களில் இன்றும் படிகளே உள்ளன. சக்கர நாற்காலியில் வருபவரை நாலு பேர் தூக்கிவைத்துவிட்டு, "பங்குபற்றினார்" என்று அறிக்கை எழுதுகிறோம். இதை வெட்கத்துடனேயே சொல்கிறோம்.

விறாந்தையில் இருப்பவரிடம் கேளுங்கள். "எங்கே போக விருப்பம்?" என்று கேட்டால், "சந்தைக்கு" என்பார் ஒருவர், "என்ர வயல் வரம்புக்கு" என்பார் மற்றவர். இருவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது.

ஏற்கெனவே வந்து வீட்டில் நிற்கும் வண்டியை அப்படியே விடாதீர்கள். ஓடாவிட்டாலும் மாதம் ஒரு தடவையாவது சார்ஜ் ஏற்றி, மழை படாமல் தறப்பாளால் மூடி வையுங்கள். உங்களுக்குப் பயனில்லையென்றால், அனுப்பிய பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வீதியோரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அதில் கோபிக்கும் பிள்ளையை நாம் இதுவரை காணவில்லை.